புழுங்கல் ஆலைத் தண்ணீர் வாவிக்குள்: சபைக்கா, அதிகார சபைக்கா, மாகாணத்துக்கா பொறுப்பு? அமெரிக்கப் பழங்குடி முறை இங்கே சரிவருமா?

வாவிக்கரை (கேள்வி)

ஒரு புழுங்கல் அரிசி ஆலை. நெல் ஊறிய தண்ணீர் வடிச்சல் வாய்க்கால் வழியே மட்டக்களப்பு வாவியில் விழுகிறது. ஆலை நிற்பது அம்பாறை மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றுக்குள். தண்ணீர் வந்து சேரும் கரை மட்டக்களப்பு மாவட்டத்தில், வேறு சபைக்குள். அந்தக் கீழ்ப்பக்கச் சபையின் குழுவுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கொடுப்பது யார், இரத்துச் செய்வது யார்? தன் எல்லைக்குள் வரும் தண்ணீருக்குக் கீழ்ப்பக்கச் சபை, கொழும்பு வைத்த அளவைவிட இறுக்கமான அளவு வைக்க முடியுமா? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் சுற்றாடல் மாகாணத்துக்குப் போய்விட்டது என்கிறார்களே, அது இந்த விடயத்தில் உதவுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பழங்குடி மக்களுக்கு மாநில அந்தஸ்துக் கொடுத்திருக்கிறார்கள், ஆற்றின் மேலே இருக்கும் நகரத்தையே அவர்கள் கட்டுப்படுத்துகிறார்கள் என்று கூட்டங்களில் உதாரணம் காட்டுகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை? குறிப்பில் போடலாமா?

தோணா

அமெரிக்காவை வேறு யாராவது பார்க்கட்டும். நான் அனுமதிப்பத்திரத்தைச் சொல்கிறேன். பாதிச் சிக்கல் அந்தத் தாளில்தான் இருக்கும்.

அடிப்படை, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். அனுமதிப்பத்திர முறை 1988 திருத்தத்தோடு வந்தது. 2008 ஜனவரி 25ஆந் திகதிய 1533/16 இலக்க வர்த்தமானி தொழில்களை ஏ, பி, சி என்று மூன்று பட்டியலாக்கியது. ஏ, பி இரண்டும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம், சி உள்ளூராட்சிச் சபையிடம். பட்டியல் 2022இல் திருத்தப்பட்டது. ஆகவே வர்த்தமானி இலக்கத்தைக் குறிப்பில் போடுமுன் நடப்பில் இருப்பதை எடுத்துப் பாருங்கள்.

சி பட்டியல்கூட சபையின் சொந்த அதிகாரம் இல்லை. சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி அதிகார சபை கையளித்த வேலை அது. தவிசாளர்கள் பலர் இதைத் தங்கள் அதிகாரம் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசுவார்கள். கையளித்தவர் திருப்பி எடுத்தால் சபையால் ஒன்றும் செய்ய முடியாது.

அரிசி ஆலையில் வழமையாக நடக்கும் குளறுபடி ஒன்று உண்டு. 2008 பட்டியலின்படி உலர் முறை ஆலை, அதாவது பச்சை அரிசி மட்டும் குத்துவது, சி. நெல்லை ஊறப்போட்டு அவித்தால் அது ஈர முறை. சபைக்கு அதில் கையில்லை. ஆலை முதலில் பச்சை அரிசி ஆலையாகச் சபையில் சி எடுக்கும். கொஞ்சக் காலத்தில் பின்வளவில் ஊறல் தொட்டி கட்டுவார்கள், கொதிகலன் வரும், அவியல் தொடங்கும். தாள் மட்டும் பழைய தாள். அப்படியான நிலையில் ஆலை சட்டப்படி அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓடுகிறது. அளவு மீறலைவிட இதை நிரூபிப்பது நூறு மடங்கு லேசு.

எனவே முதலில் தாளை எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மேல்பக்கச் சபைக்கும் அதிகார சபையின் அம்பாறை மாவட்ட அலுவலகத்துக்கும் தனித்தனி விண்ணப்பம் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் "எங்களிடம் இல்லை, அங்கே கேளுங்கள்" என்று ஒரு மாதம் போய்விடும். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் பிரதி மட்டும் கேட்காதீர்கள். விண்ணப்பப் படிவம், அதோடு இணைத்த இயந்திர விபரம், நாளொன்றுக்கான கொள்ளளவு, கழிவுநீர் எங்கே விடப்படும் என்ற பகுதி, கள அறிக்கை, நிபந்தனைத் தாள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எங்களிடம் லைசன்ஸ் இருக்கு" என்று ஆலை காட்டுவது பெரும்பாலும் சபையின் வியாபார உரிமமாகத்தான் இருக்கும். அது வேறு தாள்.

உப்பாறு

அமெரிக்க விடயம். "மாநில அந்தஸ்து" என்று குறிப்பில் எழுதாதீர்கள், அது பிழை.

1972ஆம் ஆண்டின் சுத்த நீர்ச் சட்டத்தில் 1987இல் 518ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் குறிப்பிட்ட சில பிரிவுகளுக்கு மட்டும் ஒரு பழங்குடி அரசை மாநிலம் போல நடத்தலாம் என்கிறது அது. தானாகக் கிடைக்காது, விண்ணப்பிக்க வேண்டும். நான்கு விடயம் காட்ட வேண்டும்: கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடியாக இருக்க வேண்டும், உண்மையில் ஆட்சி வேலை செய்யும் ஒரு நிர்வாக அமைப்பு இருக்க வேண்டும், கேட்கும் நீர்நிலை அவர்களுடைய எல்லைக்குள் இருக்க வேண்டும், அதைக் கொண்டு நடத்தும் தகுதி, அதாவது ஆளும் அறிவும், இருக்க வேண்டும். நீருக்கு வாங்கியது காற்றுக்குச் செல்லாது. காற்றுக்கு 1990 திருத்தமும் 1998 விதியும் தனியாக உண்டு. விண்ணப்பம் போனதும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் பக்கத்து அரசுகளுக்கு அறிவித்து 30 நாள் கொடுக்கும். அவர்கள் எல்லை அதிகாரம் பற்றி மட்டும்தான் கருத்துச் சொல்லலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தர அளவு. பழங்குடி அரசு தன் ஆற்றுத் துண்டு எதற்குப் பயன்படும் என்று தீர்மானித்து, அதற்கேற்ற அளவுகளை எழுதி அனுப்பும். முகவரகம் 60 நாளில் ஏற்க வேண்டும், அல்லது 90 நாளுக்குள் குறையைச் சொல்லித் திருப்ப வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அளவுகளை மீளப் பார்க்க வேண்டும்.

கூட்டங்களில் சொல்லும் உதாரணம் நியூ மெக்சிகோவின் இஸ்லேட்டா புவெப்லோ என்ற பழங்குடி. ரியோ கிராண்டே ஆற்றில் அவர்களுக்கு ஏறத்தாழ 5 மைல் மேலே அல்புகர்க்கி நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அந்த ஆற்றில் இறங்கிச் சடங்கு செய்வதும், அப்போது தண்ணீர் வாய்க்குள் போவதும் ஒரு பயன்பாடு என்று இஸ்லேட்டா எழுதிவைத்தது. அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற அளவு, மத்திய அளவைவிட இறுக்கமாகத்தான் வரும். 1992 டிசம்பரில் முகவரகம் அதை ஏற்றது. நகரம் வழக்குப் போட்டது. 1996இல் பத்தாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடியின் பக்கம் தீர்த்தது: இறுக்கமான அளவு வைக்கலாம், மேலே இருப்பவரின் அனுமதிப்பத்திரத்தில் அந்த அளவைப் புகுத்தலாம். 1997இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

கூட்டத்தில் இங்கே ஒரு துண்டை விட்டுவிடுகிறார்கள். இஸ்லேட்டா ஆட்கள் போய் நகரத்தின் குழாயை மூடவில்லை. வெளியேற்ற அனுமதி கொடுக்கும் வேலையைப் பல மாநிலங்கள் தாங்களே எடுத்துக்கொண்டன. நியூ மெக்சிகோ எடுக்கவில்லை. ஆகவே நகரத்தின் அனுமதிப்பத்திரத்தை எழுதியது மத்திய முகவரகம். பழங்குடி அளவைக் குறித்தது, மத்திய கை அதை அமுல்படுத்தியது. அதிகாரம் பெற்ற பழங்குடிகள் எல்லாம் உடனே அளவு வைத்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். ஆய்வுகூடம், வருடக்கணக்கான மாதிரித் தரவு, எழுத ஆள் எல்லாம் வேண்டும். சுத்த நீர்ச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் பணம் கிடைக்கும்; தரவை அவர்கள்தான் சேர்க்க வேண்டும். பழங்குடிக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லைக்குள் வெளியாருக்குச் சொந்தமான காணி இருந்தால் அங்கே அதிகாரம் உண்டா என்று முன்பு இழுபட்டுக்கொண்டே இருந்தது. 2016இல் முகவரகம் சட்டத்துக்கு வேறு பொருள்கோடல் கொடுத்து அந்தச் சுமையைக் குறைத்தது.

நம்முடைய நிலையோடு ஒப்பிட்டால்: அனுமதிப்பத்திரம் கொடுக்குமுன் கீழ்ப்பக்கச் சபையிடம் கேள் என்று இங்கே சட்டத்தில் இல்லை. அங்கே அது சுத்த நீர்ச் சட்டத்தின் 401ஆம் பிரிவில் இருக்கிறது. கீழே உள்ளவருக்கு அறிவித்தல் போகும், ஆட்சேபம் சொல்ல 60 நாள். குறிப்பில் போட வேண்டிய உதாரணம் என்னைக் கேட்டால் அதுதான்.

சட்டப்புள்ளி

மாகாணக் கேள்விக்கு. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சுற்றாடல் இரண்டு இடத்தில் வருகிறது. மாகாணப் பட்டியலில், பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்ற வாலோடு. மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கியை நிரலில், வால் இல்லாமல். "மாகாணத்துக்குப் போய்விட்டது" என்பவர்கள் அந்த வாலை வாசிப்பதில்லை.

ஆனால் பாதை இல்லை என்றும் சொல்ல முடியாது. வடமேல் மாகாணம் 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டத்தை (மாகாண சபை ஆக்கும் சட்டம்) ஆக்கி, தனக்கென்று மாகாணச் சுற்றாடல் அதிகார சபையை வைத்திருக்கிறது. குருநாகலிலும் புத்தளத்திலும் அனுமதிப்பத்திரம் கொடுப்பது அந்த அதிகார சபை. நுரைச்சோலை அனல் நிலையத்துக்கும் அவர்கள்தான். வேறு எந்த மாகாணமும் அதைச் செய்யவில்லை.

கிழக்கில் இன்று அதைப் பேசிப் பயனில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. நியதிச்சட்டம் ஆக்குவது மாகாண சபை, ஆளுநருக்கு அந்த வேலை இல்லை. இருக்கும் நியதிச்சட்டங்களின் கீழ் நிர்வாகம் ஓடுகிறது, புதிதாக ஒன்று வராது. வடமேல் முறையைக் குறிப்பில் சேர்ப்பதென்றால் ஒரு வரி போதும்.

சபை உபவிதி? பிரதேச சபைச் சட்டத்தின் கீழ் உபவிதி ஆக்கலாம். மாகாணத்தின் அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியில் வர வேண்டும். ஆனால் அது சபையின் எல்லைக்குள் மட்டும் செல்லும். ஆலை மேல்பக்கச் சபையில் நிற்கிறது. உங்கள் உபவிதியை அந்த வேலியைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. இஸ்லேட்டாவுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அந்த இடத்தில்தான். அவர்களுடைய அளவைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட மத்திய முகவரகம் இருந்தது.

ஒரு விதிவிலக்கு. குழாய் சபையின் வீதி வடிகானுக்குள் விழுந்தால் அந்த வடிகான் சபையின் சொத்து. அதற்கு அதிகார சபையின் கடிதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, மேல்பக்கச் சபையே அடைக்கலாம். குழாயின் வாயைப் படம் எடுக்கும்போது வடிகானா, நீர்ப்பாசன வாய்க்காலா, தனியார் வயல் வடிச்சலா என்று தெரியும்படி எடுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வாய்க்கால் என்றால் எதிராளியே மாறிவிடுவார்.

மணமும் நுளம்பும் தாங்க முடியாத அளவு என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொலிஸ் மூலமாகவோ நேரடியாகவோ. மற்ற எல்லா வழியையும்விட வேகம். நீதவான் கேட்கப்போவது பி.ஓ.டி. (கழிவு அழுகும்போது நீரிலிருந்து உறிஞ்சும் ஒட்சிசன்) அளவை அல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையை. அதை முதலே எடுத்து வையுங்கள்.

வட்டவிதானை

இறுக்கமான அளவு கேட்டு அலைவதற்கு முன், இருக்கும் அளவைச் சரியாக வாசித்தீர்களா? அதற்குள்ளேயே ஒரு இறுக்கம் இருக்கிறது, யாரும் பாவிப்பதில்லை.

2008இல் வந்த இன்னொரு வர்த்தமானியின் (1534/18; இதையும் நடப்பில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்) அட்டவணையில் உள்நாட்டு மேற்பரப்பு நீருக்குள் விடும் கழிவுக்கு பி.ஓ.டி. லீட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (இரசாயன ஒட்சிசன் தேவை) 250, மிதக்கும் திண்மம் 50, பி.எச். 6.0 முதல் 8.5 வரை. கரையோரக் கடல் நீருக்கு பி.ஓ.டி. 100, திண்மம் 150. வாவி எந்தப் பட்டியலில் சேரும் என்பதில்தான் ஆலைப் பக்கம் விளையாடும். "வாவி உப்புத் தண்ணி, கடலோடு சேர்ந்தது" என்பார்கள். குழாய் விழுவது வாவியில் இல்லை, நன்னீர் வடிச்சல் வாய்க்காலில். 30தான். நிபந்தனைத் தாளில் எந்தப் பட்டியல் எழுதியிருக்கிறது என்று பார்த்தால் சண்டை முடியும். 100 என்று எழுதியிருந்தால் உங்களுடைய முதல் முறைப்பாடு அதுவே.

அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. இந்த அளவுகள், கழிவு ஒரு பங்குக்குக் குறைந்தது 8 பங்கு சுத்தமான நீர் கலக்கும் என்று வைத்துப் போட்டவை. அதற்குக் குறைந்தால் அளவைக் கலப்பின் எட்டில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். நம்ம பக்கம் சிறுபோகக் கடைசியில், ஆவணி புரட்டாதியில், வடிச்சலில் என்ன தண்ணி ஓடுது?

கணக்கைச் செய்து காட்டுகிறேன். நாளைக்கு 20 தொன் நெல் ஊறப்போடும் ஆலை. கிலோவுக்கு ஒன்றேகால் லீட்டர் என்று வைத்தால் 25,000 லீட்டர் ஊறல் தண்ணி. அதை நாள் முழுக்க விடமாட்டார்கள். ஊறல் முடிந்ததும், பெரும்பாலும் விடியப்புறம், தொட்டியைத் திறந்து இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிப்பார்கள். செக்கனுக்கு 2.5 லீட்டர். 10 லீட்டர் வாளி 4 செக்கனில் நிறைந்தால் அதுதான்.

வாய்க்காலுக்கு, குழாய்க்கு மேலே 10 மீற்றர் அளந்து இரண்டு கம்பு நடுங்கள். தேசிக்காய் ஒன்றைப் போட்டு நேரம் பாருங்கள். காற்றடிக்கும் நேரம் வேண்டாம். 100 செக்கன் எடுத்தால் மேல்மட்ட வேகம் செக்கனுக்கு 0.1 மீற்றர். அடியில் மெதுவாக ஓடும், அதற்காக 0.85ஆல் பெருக்க 0.085. அகலம் 1.2 மீற்றர், சராசரி ஆழம் 10 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 10 லீட்டர். 10ஐ 2.5ஆல் பிரித்தால் கலப்பு 4 மடங்கு. 30ஐ நாலால் பெருக்கி எட்டால் பிரிக்க 15. அந்த விடியலில் அந்த ஆலைக்குச் சட்டப்படி அளவு 15, 30 இல்லை. ஊறல் தண்ணியைச் சுத்திகரிக்காமல் விட்டால் பி.ஓ.டி. ஆயிரத்தைத் தாண்டும். கலங்கல் மஞ்சள், புளித்த கஞ்சி மணம். கண்ணுக்கே தெரியும், ஆனால் கண் சாட்சி போதாது.

மாதிரி எடுப்பதில்தான் முறைப்பாடு சாகும். நீங்களே போத்தலில் பிடித்துக் கொண்டுபோனால் அதைத் தூக்கிப் போடுவார்கள். அதிகார சபை அலுவலர் கையால் எடுத்து, முத்திரை வைத்து, ஆலைக்காரர் முன்னிலையில் பதிய வேண்டும். அவர்கள் காலை பத்து மணிக்கு வந்தால் தொட்டி கழுவிக் காய்ந்திருக்கும். அதனால் ஒரு வாரம் நேரம் குறித்து, எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு முறைப்பாட்டோடு கொடுங்கள். குழாயின் வாயில் ஒன்று, குழாய்க்கு மேலே வாய்க்காலில் ஒன்று, கீழே கலந்த பிறகு ஒன்று என மூன்று இடம். மேலே உள்ள மாதிரி இல்லாவிட்டால் "இது மேல் வட்டையிலிருந்து வந்த உரத் தண்ணி" என்பார்கள். போத்தலைக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு மட்டும் நிரப்பி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் 4 பாகையில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாதிரி எடுக்க விடாதீர்கள். பி.ஓ.டி. ஐந்து நாள் சோதனை, சனி ஞாயிறில் போத்தல் கிடந்து கெட்டுவிடும்.

குடும்பிமலை

பழங்குடி ஒப்பீட்டில் ஒன்று விடுபட்டுப்போகிறது. நம்முடைய இடத்திலும் ஆதிக்குடிகள் இருக்கிறார்கள். வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர், அம்பாறையில் பொல்லேபெத்த ஊர் வேடர். அவர்களுக்குச் சட்டப்படியான ஆட்சி அமைப்பு எதுவும் இல்லை. உள்ளூராட்சி சபையின் வாக்காளர் என்பதோடு சரி. 2007இல் ஆதிக்குடி உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஐ.நா.வில் ஆதரவாக வாக்களித்தது. உலகத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்கவில்லை. 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேடரின் வேட்டைக்காடு வனசீவராசிகள் திணைக்களத்தின் கைக்குப் போனது. அமெரிக்க முறையின் முதல் நிபந்தனையே அங்கீகரித்த பழங்குடி அரசு. இங்கே அந்தப் படியே இல்லை. ஆகவே பிரதேச சபையை இஸ்லேட்டாவோடு ஒப்பிட்டால் கேட்க நல்லாயிருக்கும், அவ்வளவுதான்.

வாவி மீனவருக்குப் பொருத்தமானது வேறு வழக்கு. 1974இல் வோஷிங்டன் மாநிலத்தில் நீதிபதி போல்ட் கொடுத்த தீர்ப்பு. பழைய உடன்படிக்கைகளின்படி பழங்குடிகளுக்கு, அறுவடை செய்யக்கூடிய மீனில் பாதி வரை உரிமை என்றார். பாதிப் பங்கு கிடைத்ததும் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ணுவதில் மாநிலமும் பழங்குடியும் சேர்ந்தே உட்கார வேண்டியதாயிற்று. கூட்டு முகாமைத்துவம் அங்கே அப்படித்தான் வந்தது. நம்மிடம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில் முகாமைத்துவப் பகுதியும் குழுவும் உண்டு. மீன் செத்து மிதந்தால் அந்தக் குழுவின் கூட்ட அறிக்கையில் திகதியோடு பதிய வையுங்கள். பிறகு வேறு எந்தத் திணைக்களமும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விடயம் மட்டும். வட்டவிதானை அண்ணன், அந்த எட்டுப் பங்குக் குறிப்பில் "சுத்தமான நீர்" என்று வருகிறதே, மேலே இருந்து வரும் தண்ணீரே ஊத்தை என்றால்? இரண்டாவது, ஆலையின் புதிய தொட்டிகள் வாவிக் கரையிலிருந்து 80 மீற்றருக்குள் வருகின்றன. அதற்கு வேறு அனுமதி தேவையா?

வட்டவிதானை

ஊத்தை என்றால் அதைக் கலப்பு நீராக எண்ண முடியாது என்றுதான் நான் வாசிப்பேன். எடுத்துக்கொள்ளும் நீர்நிலையின் தரத்துக்கு 2019 நவம்பர் வர்த்தமானி 2148/20 இருக்கு. மேலே எடுத்த மாதிரியை அந்த அளவோடு ஒப்பிட்டு ஒரு நிரலில் போடுங்கள். ஆலைக்காரர் "மேலேயும் ஊத்தை" என்று வாதம் வைத்தால் அவருடைய அளவுதான் இன்னும் கீழே போகும். அதைச் சொன்னதும் அந்த வாதத்தைக் கைவிடுவார்கள்.

தோணா

தொட்டிக்கு: கரையோரம் பேணல் சட்டம், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம். 2011 திருத்தத்துக்குப் பிறகு கடலோடு தொடுக்கும் நீர்நிலைகளின் சுற்றோரத்தில், சராசரிக் கடல் மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 100 மீற்றரும் கரையோர வலயத்துக்குள் வருகிறது. 80 மீற்றர் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. ஆனால் அந்த 80ஐ எங்கே இருந்து அளந்தீர்கள்? மாரியில் தண்ணீர் ஏறிய விளிம்பில் இருந்தா, ஆவணியில் வற்றிய விளிம்பில் இருந்தா? இரண்டும் செல்லாது. நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு மட்டம் எடுத்து, கோட்டை வரைபடத்தில் போட்டுக் கொடுங்கள்.